பன்னிரண்டு நிமிட நாற்காலி

அந்தக் கம்பெனியில் யாரையும் வேலையைவிட்டு நீக்குவதில்லை. நீக்கம் என்கிற வார்த்தையே அவர்களுடைய கையேட்டில் கிடையாது. அங்கே ஆட்கள் மலர்வார்கள். ஆள் சேர்க்கவும் கழிக்கவும் இருந்த பழைய பிரிவுக்கு மனித மலர்ச்சித் துறை என்று பெயர் மாற்றி, கதவில் ஒரு பூப்படம் ஒட்டிய நாளிலிருந்து இந்த ஏற்பாடு. போன வருடம் பெயின்ட் பிரிவில் ஆறு பேர் ஒரே மத்தியானத்தில் மலர்ந்தார்கள். வாசல் காவலர் ஒருவர் இரண்டு நாள் லீவு முடிந்து வந்தபோது வாசலிலேயே மலர்ந்திருந்தார். உள்ளே விட மாட்டேன் என்று புதுக் காவலர் தடுத்துவிட்டார்.

உட்கார்மானியின் முறை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

உட்கார்மானி என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. வெல்டிங் பிரிவுக்காரர்கள் வைத்தது. கம்பெனி செய்வது நாற்காலி. அவருடைய வேலை அதில் உட்கார்வது. கல்யாணம் பேசும்போது வருங்கால மாமனார், நின்றுகொண்டே வேலை பார்க்கிறவனுக்கே சம்பளம் ஒழுங்காக வருவதில்லை, உட்கார்வதற்கு எவன் கொடுப்பான் என்று கேட்டார். கொடுத்தார்கள். இருபத்து மூன்று வருடம் கொடுத்தார்கள்.

மற்றவர்கள் நினைக்கிற மாதிரி அது சுகமான வேலையுமல்ல. புது மாதிரி ஒன்று வந்தால் காலையில் உட்கார்ந்து மாலையில் எழுந்திருக்க வேண்டும். நடுவில் அசையக் கூடாது. அதற்காகக் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அரை மணிக்கு ஒரு தரம் படிவத்தில் தொடை, இடுப்பு, முதுகு, கழுத்து என்று கட்டம் கட்டமாக எழுதி, கடைசியில் வலி என்கிற கட்டத்தில் பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் போட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு: சோதனை நடக்கும்போது நாற்காலியின் ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது. தொட்டால் சோதனை செல்லாது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன எல் வடிவச் சாவி கிடக்கும்; ஆனால் அது சோதனை முடிந்த பிறகு குறைகளைச் சரிசெய்து பார்ப்பதற்கு. இருபத்து மூன்று வருடங்களில் அவர் ஒரு தரம்கூட இடையில் அதை வெளியே எடுத்ததில்லை. யாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதல்ல. யாருமே பார்த்ததில்லை.

போன மாதம் ஓர் இயந்திரம் வந்தது. இரும்புத் தண்டின் நுனியில் ரப்பரால் ஆன ஒரு பிட்டம். நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கும். வேறெதுவும் செய்யாமல் வந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதாலும், எல்லோரும் அதைச் சுற்றி நின்று உபசரித்ததாலும், வெல்டிங் பிரிவில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். மாப்பிள்ளை ஒரே வாரத்தில் பதினேழு மாதிரிகளைச் சோதித்து அறிக்கை அச்சடித்துக் கொடுத்துவிட்டது. பதினேழிலும் வலி என்கிற கட்டத்தில் பூஜ்ஜியம். உட்கார்மானியின் அறிக்கைகளில் மூன்று, ஆறு, சில சமயம் ஒன்பது என்று பார்த்துப் பழகிய மேலதிகாரிகளுக்கு அந்தப் பூஜ்ஜியம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. இத்தனை வருடமாக வலி நாற்காலியில் இல்லை, இந்த ஆளிடம்தான் இருந்திருக்கிறது என்று ஒரு கூட்டத்தில் முடிவானது.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை, பூப்படம் போட்ட உறையில் அழைப்பு வந்தது. காலை பதினொரு மணிக்குக் கனிவு அறைக்கு வரவும்.

கனிவு அறை என்பது ஆட்களை மலரவைக்கிற அறை. வட்ட மேசை, ஒரு டப்பா காகிதக் கைக்குட்டை, சுவரில் ஒரு சூரியன் படம். அது உதயமா அஸ்தமனமா என்று வாங்கியவருக்கே தெரியாது. மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். வாசலில் நின்றபடியே உட்கார்மானி அவற்றை அடையாளம் கண்டுகொண்டார். பெற்று வளர்த்த பிள்ளை போலீஸ் உடுப்பில் வந்து தன்னையே கைது செய்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவருக்கு.

வி-பன்னிரண்டு. எட்டு வருடத்துக்கு முன் அவர் சோதித்த மாதிரி. வருகிறவர்கள் ரொம்ப நேரம் உட்காரக் கூடாது என்று நினைக்கிற அலுவலகங்களுக்காகச் செய்தது. இருக்கை முன்பக்கம் இரண்டு விரல் சரிந்திருக்கும். விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் சரியாக நரம்பு ஓடுகிற இடத்தில் அழுத்தும். சாய்மானம், முதுகு எங்கே தேடுமோ அதற்கு ஒரு சாண் கீழே முடிந்துவிடும். இதற்கெல்லாம் காரணம் இருக்கைக்கு அடியில் முன்பக்கம் இருக்கும் இரண்டு திருகாணிகள். அவற்றை மூன்று சுற்றுத் தளர்த்தினால் போதும், சாதாரண நாற்காலியாகிவிடும் என்று அவர் அன்றைக்கே அறிக்கையில் எழுதினார். கூடவே எச்சரிக்கையாக இன்னொரு வரியும் எழுதினார்: ‘பன்னிரண்டாவது நிமிடத்துக்கு மேல் இதில் உட்கார்ந்திருப்பவர், எழுந்துபோக விட்டால் போதும் என்று எதற்கும் சம்மதிப்பார்.’ திருகாணி யோசனையைக் கம்பெனி குப்பையில் போட்டது. எச்சரிக்கையை மட்டும் எடுத்து விளம்பரத்தில் போட்டது. அமோக விற்பனை. அந்த வருடம் அவருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்கூடக் கொடுத்தார்கள். அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மலர்ச்சி அதிகாரி ஏறக்குறைய அவர் வயதுக்காரர். தலையைச் சாய்த்துப் பேசுவதற்குப் பயிற்சி எடுத்தவர். அவரும் எதிரே வி-பன்னிரண்டிலேயே உட்கார்ந்தார். மலர்கிறவரும் மலரவைக்கிறவரும் சமம், ஆகவே ஒரே வகை நாற்காலி என்று கையேட்டில் ஏழாம் பக்கம் சொல்கிறது. மலர்கிறவர் எழுந்த பிறகே மற்றவர்கள் எழ வேண்டும், அதுதான் மரியாதை என்றும் அதே பக்கம் சொல்கிறது. இதுவரை இந்த இரண்டு விதிகளாலும் யாருக்கும் கஷ்டம் வந்ததில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

அதிகாரி ஒரு கடிதத்தை நகர்த்திவைத்தார். ‘என் சொந்த விருப்பத்தின்பேரில், மிகுந்த மனநிறைவோடு விலகிக்கொள்கிறேன்’ என்று அதில் உட்கார்மானி எழுதியிருந்தார். அவர் எழுதியதாக அவர்கள் அச்சடித்திருந்தார்கள்.

“நான் எப்ப சார் போறேன்னு சொன்னேன்?” என்று கேட்டார்.

“நீங்க சொல்லணும்னு அவசியமில்ல சார். உங்க மனசுல இருக்கறத நீங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே கம்பெனி கண்டுபிடிச்சிருச்சு. அந்த அளவுக்கு உங்க மேல அக்கறை.”

நாமாக அனுப்பினால் வேலை பார்த்த வருடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனி கையேட்டிலேயே இருக்கும் விதி. தானாகப் போகிறவர்களுக்கு அன்பளிப்பு மட்டும். அவருக்கு நான்கு மாத அன்பளிப்பு தயாராக இருந்தது. இருபத்து மூன்று வருடத்துக்கு நான்கு மாதமா என்று அவர் கேட்கத் தொடங்கியபோது பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிகாரிதான் இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் சாய்ந்து, மேசையைப் பிடித்தார். இருபதாவது நிமிடத்தில் அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் உட்கார்மானிக்கு மனசு கேட்கவில்லை. அந்த மனிதனுக்காக, “யோசிச்சு சொல்றேன் சார்” என்று எழுந்துவிட்டார்.

அது தப்பு. ‘மலர்பவர் எழுந்தார். எழுந்தது பாதிச் சம்மதமாகக் கொள்ளப்படுகிறது’ என்று குறிப்பு எழுதப்பட்டது. மறுநாள் அவருடைய சோதனை அறையில் மாப்பிள்ளை குடியேறியிருந்தது. அவருக்கு எந்த இடமும் இல்லை. மலர்ச்சித் தயாரிப்புக் காலம் என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்து நடைவழியில் இருக்கச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு நானூறு நாற்காலி செய்கிற கட்டடத்தில் அவர் இரண்டு நாள் நின்றுகொண்டே இருந்தார். போகிற வருகிறவர்கள் கண்ணைப் பார்க்காமல் போனார்கள். வெல்டிங் பிரிவுக்காரர் ஒருவர் மட்டும் நின்று, கால் வலிக்குதாண்ணே என்று கேட்டார். அவருக்கு அந்தக் கேள்வியே புதிது. உட்கார்ந்தால் எங்கே வலிக்கும் என்பதில்தான் அவர் நிபுணர்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவள் ஓர் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள். பதினான்கு வருடமாகக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, காத்திருக்கிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“நீங்க எந்திரிச்சீங்க பாருங்க, அதான் தப்பு,” என்றாள். “எங்க ஹால்ல தினம் பாக்கறேன். சத்தம் போடறவங்கள செக்யூரிட்டி பாத்துக்குவான். அழறவங்களுக்குத் தண்ணி குடுப்போம். நாளைக்கு வரேன்னு எந்திரிச்சுப் போறவங்கள அப்பவே மறந்துருவோம். ஒண்ணுமே பேசாம உக்காந்தே இருக்காங்க பாருங்க, அவங்கள மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. கடைசில டாக்டரே வெளிய வந்து யாருங்க இவங்கன்னு கேப்பாரு.”

பிறகு வீட்டுக் கடன் புத்தகத்தை எடுத்தாள். இன்னும் பத்தொன்பது மாதத் தவணை பாக்கி. அவள் சம்பளம் சாப்பாட்டுக்கும் மகள் படிப்புக்கும் சரியாகப் போகும். வீடு அவர் சம்பளத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. இந்த வயதில் உட்கார்வதற்கு வேறு யாரும் வேலை கொடுக்கப்போவதில்லை என்பதை இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

“பத்தொம்பதுக்குக் கீழ எந்திரிக்காதீங்க. எதிலயும் கையெழுத்துப் போடாதீங்க. அவ்வளவுதான்.”

“உக்காரத்தானே செய்யணும்?”

“வேற என்னங்க தெரியும் உங்களுக்கு,” என்றாள். திட்டு மாதிரிதான் சொன்னாள். ஆனால் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

இரண்டாவது சந்திப்புக்குச் சட்ட ஆலோசகரும் வந்திருந்தார். உட்கார்மானி பெல்ட்டை ஒரு துளை தளர்த்திக்கொண்டு, இரண்டு பாதமும் தரையில் பதிய, வழக்கமான சோதனைக்கு உட்கார்வது போல உட்கார்ந்தார். பழக்க தோஷம், ஒரு படிவத்தையும் கொண்டுவந்திருந்தார். பதினொரு மணி, வலி ஒன்று என்று எழுதினார். ஆலோசகர் அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அது என்ன ஆவணம் என்று அதிகாரியிடம் மெல்லக் கேட்டார். அதிகாரிக்கும் தெரியவில்லை. இருவரும் கொஞ்சம் கலவரப்பட்டார்கள்.

நான்கு மாதக் கணக்கை ஆலோசகர் விளக்கினார். கம்பெனி இந்த இருபத்து மூன்று வருடத்தில் மூன்று தரம் பெயர் மாற்றியிருக்கிறது. ஒவ்வொரு தரமும் எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, புதுப்பெயர் போட்ட ஒரு டீக் கோப்பை வாங்கிக்கொண்டார்கள். கோப்பைக்காகக் கொடுத்த ரசீது என்றுதான் அவர் நினைத்திருந்தார். அது பழைய கம்பெனியிலிருந்து விலகிப் புதுக் கம்பெனியில் சேர்ந்ததற்கான ஒப்புதல். கடைசிக் கோப்பை வந்து நான்கு வருடம் ஆகிறது.

“சட்டப்படி பாத்தா நீங்க இங்க நாலு தடவ பொறந்திருக்கீங்க,” என்றார் ஆலோசகர், ஏதோ பாக்கியத்தைச் சொல்வது போல.

உட்கார்மானி விரல்விட்டு எண்ணினார். “அப்ப மூணு தடவ செத்திருக்கேன். அதுக்கு ஏதாவது உண்டா சார்?”

ஆலோசகர் தாள்களைப் புரட்டினார். அவற்றில் பதில் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. முப்பது நிமிடம் தாண்டிவிட்டது, அவருடைய வலது கால் மரத்துப்போயிருந்தது. நேரமாகிறது என்றார். நீங்கள் போகலாம் என்றார் உட்கார்மானி, மரியாதையாகத்தான். ஆனால் மலர்பவர் எழாமல் யாரும் எழக் கூடாதே. அதிகாரி கையேட்டை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். ஏழாம் பக்கம் ஏழாம் பக்கமாகவே இருந்தது.

ஒரு மணி நேரத்தில் நான்கு ஆறாயிற்று. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒன்பது. கம்பெனியின் பெருந்தன்மையால்தான் என்று ஆலோசகர் ஒவ்வொரு தரமும் சொன்னார். சொல்லும்போதெல்லாம் ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் கொடுத்துத் தூக்கிக்கொண்டார். ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடத்தில், பதினொன்று என்று சொல்லிக்கொண்டே சரிவில் வழுக்கி மேசைக்கு அடியில் பாதி போய்விட்டார். உட்கார்ந்தவாக்கிலேயே உட்கார்மானி அவர் கையைப் பிடித்து மேலே இழுத்துவிட்டார். பதினொன்று போதாது என்றும் சொன்னார். சந்திப்பு தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுவதாக அதிகாரி அறிவித்து, இந்தத் தடவை எழுவது சம்மதமாகாது என்று எழுதிக் கொடுத்த பிறகே அவர் எழுந்தார். படிவத்தில் வலி ஆறு.

அன்று வீடு திரும்பி, படியேறும்போது நடுவில் நின்றார். ஜெயிக்கிறோம் என்கிற நினைப்பெல்லாம் அவருக்கு இல்லை. அலுப்பாக இருந்தது. இருபத்து மூன்று வருடம் அவர் உட்கார்ந்ததெல்லாம் யாரோ முகம் தெரியாத குமாஸ்தாவின் முதுகு நோகக் கூடாது என்பதற்காக. இப்போது எதிரே இருக்கிறவன் முதுகு நோகட்டும் என்று உட்கார வேண்டியிருக்கிறது. இதற்கு நின்றுகொண்டிருந்ததே தேவலை போலிருந்தது. மனைவியிடம் சொன்னார். நின்னா வீடு நிக்காது என்றாள் அவள்.

மூன்றாவது சந்திப்புக்கு இயக்குநரே வந்தார். மனைவி சொன்ன டாக்டர் வெளியே வந்துவிட்டார் என்று உட்கார்மானி நினைத்துக்கொண்டார். இயக்குநர் வாசலிலேயே ஒரு டீ குடித்து முடித்து, கையில் இன்னொன்றோடு உள்ளே நுழைந்தார். இதை மட்டும் உட்கார்மானி ஒரு தொழில்காரனுக்குரிய கவலையோடு கவனித்தார்.

இயக்குநர் தன் கம்பெனியின் விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. உட்கார்ந்ததும் புருவம் உயர்ந்தது. ஆனால் பேச்சைத் தொடங்கிவிட்டார்.

“இந்தக் கம்பெனி ஒரு குடும்பம். நான் இத மேடைக்காகச் சொல்லல. எங்க அப்பா இத ஆரம்பிக்கும்போது ஒண்ணு சொன்னாரு. தொழிலாளி உக்காந்திருந்தா நமக்கு நஷ்டம்னாரு. நீங்க ஒருத்தர்தான் உக்காந்தே இங்க சம்பாதிச்சீங்க. நாங்க பொறுத்துக்கிட்டோம். ஒரு குடும்பத்துல எல்லாரையும் எப்பவும் வெச்சுக்க முடியுமா? எங்க சித்தப்பாவையே நாங்க வெச்சுக்கல. அவரு கேஸ் போட்டாரு. இன்னும் நடக்குது. அப்படி ஒரு பாசம் எங்களுக்குள்ள.”

அதிகாரி தலையைச் சாய்த்தார். அது பயிற்சியால் சாய்ந்ததா, கழுத்துப் பிடிப்பால் சாய்ந்ததா என்று இப்போது சொல்ல முடியாது. கம்பெனித் தரப்பில் மூன்று சந்திப்பிலும் உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான்.

இயக்குநருக்குப் பத்தாவது நிமிடத்திலேயே தன் சொந்த நாற்காலி ஞாபகம் வந்துவிட்டது. மாடியிலிருந்து அதைக் கொண்டுவரச் சொல்லிப் போன் செய்தார். கொண்டுவரலாம், ஆனால் ஓர் அறையின் நாற்காலி இன்னோர் அறைக்குப் போக வேண்டுமானால் சோதனையாளர் கையெழுத்து வேண்டும் என்று மறுமுனையில் சொன்னார்கள். இரண்டு வருடத்துக்கு முன், யாரோ ஒரு குமாஸ்தா கிழிந்த நாற்காலியை மாற்றிக்கொண்டதற்காக இயக்குநரே போட்ட உத்தரவு. படிவம் கீழே வந்தது. சோதனையாளர் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் பேனாவையும் நீட்டினார்.

“எதிலயும் கையெழுத்துப் போடக்கூடாதுன்னு வீட்டுல சொல்லியிருக்காங்க சார்,” என்றார் உட்கார்மானி. குரலில் கேலி இல்லை. நிஜமாகவே சங்கடப்பட்டார்.

மாப்பிள்ளையிடம் வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை வந்தது. மாப்பிள்ளைக்குக் கை கிடையாது.

அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. ஒரு மணி நேரத்தில் இயக்குநர் பதினான்கு என்றார். குடும்பம் என்கிற சொல்லை அதற்குமேல் பயன்படுத்தவில்லை. இரண்டாவது மணி நேரத்தில், நான் யார் தெரியுமா என்றார். தெரியும் என்றார் உட்கார்மானி. மூன்றாவது மணி நேரத்தில் இரண்டு டீயும் தங்கள் வேலையைத் தொடங்கின. இயக்குநர் ஏழாம் பக்கத்தை ரத்து செய்ய முடியுமா என்று கேட்டார். கையேட்டைத் திருத்த மலர்ச்சிக் குழு கூட வேண்டும். குழுவில் எல்லோரும் போன மாதம் மலர்ந்துவிட்டார்கள் என்று அதிகாரி தகவல் சொன்னார். அறையில் சுவர்க் கடிகாரச் சத்தமும், யாருடைய இடுப்போ சொடுக்குகிற சத்தமும் கேட்டன.

உட்கார்மானிக்கும் சுகமில்லை. வலி ஏழு, எட்டு என்று ஏறிக்கொண்டிருந்தது. எட்டு வருடத்துக்கு முன் நாற்பத்து நான்கு வயது முதுகு. இப்போது ஐம்பத்து இரண்டு. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. இருக்கைக்கு அடியில் இரண்டு திருகாணிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன, சாவி சட்டைப்பையில் இருந்தது. பத்தொன்பது, பத்தொன்பது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, சுவரில் இருந்த சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது மணி நேரத்தில் அது அஸ்தமனம்தான் என்று முடிவுக்கு வந்தார்.

நாலரை மணி நேரம் ஆனபோது இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு, எத்தனைதான் வேண்டும் என்று கேட்டார்.

“இருபத்து மூணு வருஷம் சார்.”

முதல் மூன்று வருடத்துப் பதிவேட்டைக் கரையான் அரித்துவிட்டது, அதற்குத் தன்னாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று அதிகாரி ஈனக்குரலில் சொன்னார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது என்றார் இயக்குநர். கரையானோடு பேரம் பேச உட்கார்மானிக்குத் தெம்பில்லை. பத்தொன்பதுக்கு மேல் ஒன்று இருந்தது. சரி என்றார். ஆனால் சொந்த விருப்பத்தின்பேரில் என்கிற வரி மட்டும் வேண்டாம் என்றார். அதை அடித்துவிட்டு, ‘கம்பெனி போகச் சொன்னதால் போகிறேன்’ என்று கையாலேயே எழுதினார். இயக்குநர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பிறகு உட்கார்மானி போட்டார்.

பிறகு எழுந்தார்.

இயக்குநர் அந்த வயதில் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். விடைபெறும் உரை ஒன்று அச்சடித்து வைத்திருந்தது மேசையிலேயே கிடந்தது.

மலர்ச்சி அதிகாரி எழவில்லை. எழ முடியவில்லை. இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, பாதி தூக்கி, மறுபடி உட்கார்ந்தார். உட்கார்மானி அவர் அக்குளுக்குள் கை கொடுத்து மெல்ல நிமிர்த்தி, சுவரோரமாகச் சாய்த்துவைத்து, மூச்சை விடச் சொன்னார். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றார்கள்.

“எனக்கும் கவர் வந்திருக்கு சார்,” என்றார் அதிகாரி, எதிரே பார்த்தபடியே. “காலைல. உள்ள வரதுக்கு முன்னாடிதான் குடுத்தாங்க. வெள்ளிக்கிழமை பதினோரு மணி. பதினாறு வருஷம் வேல பாத்திருக்கேன். நாலு மாசம் தர்றாங்களாம். கடிதம் நான் தயார் பண்ணதுதான்.” சட்டைக்குள் இருந்த உறையைத் தொட்டுக்காட்டினார். “என்னால பன்னெண்டு நிமிஷத்துக்கு மேல முடியாது சார். எனக்கே தெரியும்.”

நான்கு மணி நேரத்துக்கு மேல் அந்த உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்த மனிதனை உட்கார்மானி பார்த்தார். நடைவழியில் நின்ற இரண்டு நாளும் ஞாபகம் வரத்தான் செய்தது. வந்துவிட்டுப் போயிற்று. சட்டைப்பையிலிருந்து எல் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“அரை மணி முன்னாடி வந்துருங்க. நீங்க உக்காரப்போற நாற்காலிய மட்டும் கவுத்துப் போடுங்க. முன்பக்கம் ரெண்டு திருகாணி இருக்கும். மூணு சுத்துத் தளர்த்துங்க, போதும். சரிவு போயிரும். சாயங்காலம் வரைக்கும் உக்காரலாம். தண்ணி மட்டும் குடிக்காதீங்க.”

அதிகாரி சாவியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“இது எப்பவுமே உங்க பையிலயா இருந்துச்சு?”

“ஆமா.”

“அப்ப நீங்க ஏன் சார் திருகல?”

உட்கார்மானிக்கு அந்தக் கேள்வி சரியாகப் புரியவில்லை. “உக்காந்திருக்கும்போது எப்படித் திருகறது? டெஸ்டிங் செல்லாம போயிருமே,” என்றார்.

இதே கேள்வியை அன்று மாலை மனைவியும் கேட்டாள். தரையில் தலையணை போட்டு அவரைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருபது மாதத்துக் காகிதம் கடன் புத்தகத்துக்குள் பத்திரமாகப் போயிருந்தது. அவர் அதே பதிலைத்தான் சொன்னார். அவள் கை ஒரு நிமிடம் நின்றது. பிறகு தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தித் தேய்த்தது.

“சாவி எங்க?”

“அந்த ஆளுக்குக் குடுத்துட்டேன்.”

“நடைவழில நிக்கவெச்சானே, அவனுக்கா?”

“பாவம், அவருக்கு உக்காரத் தெரியாது.”

அவள் தைலப் புட்டியை மூடினாள். கை துடைக்கத் துணி தேடும்போது அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த படிவம் விழுந்தது. பிரித்துப் பார்த்தாள். வி-பன்னிரண்டு என்று தலைப்பு. அரை மணிக்கு ஒரு வரியாக, நான்கு மணி நேரம் நாற்பது நிமிடத்துக்கு, கோணாமல் எழுதியிருந்தார். கடைசியில் முடிவு: ‘உட்கார்ந்திருக்க முடியும். பரிந்துரைக்கவில்லை.’ வலி என்கிற கட்டத்தில் கடைசி வரியில் மட்டும் எண் இல்லை. ‘உண்டு’ என்று எழுதியிருந்தது.

“இத யாருகிட்ட குடுப்பீங்க இனிமே?”

அவர் அதை யோசித்திருக்கவில்லை. அறிக்கை எழுதினால் கொடுக்க ஒரு மேலதிகாரி இருப்பார், அவர் கீழே கையெழுத்துப் போடுவார், அது கோப்புக்குப் போகும். இத்தனை வருடமும் அப்படித்தான். முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டார்.

அவள் தைலக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். டோக்கன் எழுதுகிற பேனாவைக் கைப்பையிலிருந்து எடுத்து, படிவத்தின் அடியில் பெற்றுக்கொண்டவர் என்று போட்டிருந்த இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, தேதியும் போட்டாள்.